ரஷ்ய மொழி தெரிந்தால் போதுமா?

"அங்கே எம்பிபிஎஸ் படிச்ச பையன் ஒருத்தன் இருக்கான், அவனே பார்த்துக்குவான்." ரஷ்ய மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று பேச்சு வந்தாலே இப்படி ஒருவர் சொல்லிவிடுகிறார். பையன் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. நம் பிள்ளைகள் பலர் அங்கே ஆங்கில வழியில்தான் படிக்கிறார்கள். அவர்கள் கற்ற ரஷ்யன் நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்கவும் கடைக்குப் போய் வரவும் உதவும். இயந்திரம் வாங்கும் ஒப்பந்தத்தை அவனிடம் நீட்டுவது அநியாயம்.

எழுத்து வேலையில் சறுக்குவது பெரும்பாலும் சின்ன இடங்களில்தான். ரஷ்யக் காகிதத்தில் 1,250 என்று இருந்தால் அது ஆயிரத்து இருநூற்று ஐம்பது இல்லை, ஒன்றேகால். தசமப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் அவர்கள் காற்புள்ளிதான் போடுவார்கள். துருப்பிடிக்காத எஃகின் தரக்குறியீட்டில் ஆங்கில 'எச்' மாதிரி ஓர் எழுத்து நிற்கும், அது நிக்கல். 'எக்ஸ்' மாதிரி இருப்பது குரோமியம். அந்தத் துறையில் புழங்கியவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். இலக்கியம் படித்தவர், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், தடுமாறலாம். அதனால் "ரஷ்யன் தெரியுமா" என்று கேட்பதைவிட "இதற்கு முன் என்ன மாதிரிக் காகிதங்கள் செய்தீர்கள், முடித்ததை இன்னொருவர் சரிபார்ப்பாரா" என்று கேளுங்கள்.

வாய்மொழி வேலை வேறு தொழில். ஒருவர் பேசி நிறுத்தியதும் சொல்வது ஒரு வகை. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, அவர் பேசப் பேசவே சொல்வது இன்னொரு வகை. இரண்டாவதற்கு இரண்டு பேர் வேண்டும். அரை மணிக்கு ஒருமுறையாவது ஆள் மாறுவார்கள், மூளை அதற்கு மேல் தாங்காது. நம்மூரில் ஒரே ஆளைக் காலையிலிருந்து பேச வைத்து, இரவு விருந்திலும் பக்கத்தில் உட்கார வைத்துவிடுகிறோம். பாவம், எல்லாரும் சாப்பிட அவர் மட்டும் பேசிக்கொண்டே இருப்பார்!

படிக்கப் போகிறவர்களின் சான்றிதழ் விஷயம் தனி. ரஷ்யாவில் பொதுவாக நோட்டரி சான்றளிப்பது மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்துக்கு. அதனால் இங்கே செய்த மொழிபெயர்ப்பு அங்கே செல்லாமல் போகலாம். காசைக் கொட்டுவதற்கு முன், மொழிபெயர்ப்பை எங்கே செய்தால் ஏற்பார்கள் என்று அந்தப் பல்கலைக்கழகத்திடமே கேட்டுவிடுங்கள்.

சரி, ஆளுக்கு எங்கே போவது? சென்னை கஸ்தூரி ரங்கன் சாலையில் உள்ள ரஷ்யக் கலாச்சார மையத்தில் விசாரிக்கலாம். டெல்லி ஜேஎன்யூ, ஹைதராபாத் இஃப்லூ ஆகிய பல்கலைக்கழகங்களில் ரஷ்ய மொழித்துறைகள் உண்டு. தொழில்நுட்ப வேலை என்றால், கூடங்குளத்தில் ரஷ்ய நிபுணர்களோடு வேலை பார்த்த மொழிபெயர்ப்பாளர் யாராவது கிடைக்கிறாரா என்றுதான் நான் முதலில் தேடுவேன்.

ஆள் கிடைத்ததும் ஒரு பக்கம் மாதிரி செய்யச் சொல்லுங்கள், அதற்கும் காசு கொடுத்துவிடுங்கள். கூட்டம் என்றால் வரைபடம், விலைப்பட்டியல், வருகிறவர்களின் பெயர் எல்லாம் முன்கூட்டியே அவர் கைக்குப் போக வேண்டும். "ரகசியம், அங்கே வந்து பார்த்துக்கலாம்" என்று இழுக்கும் கம்பெனிகள், ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பலாமே.