பிடித்திருந்தது என்றுதானே சொன்னேன்

போன ஞாயிற்றுக்கிழமைப் பதிவுக்குக் கீழே நடந்த கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "அண்ணே, இதைப் பார்த்தீங்களா" என்று ஸ்க்ரீன்ஷாட் அனுப்பிய தம்பிகளுக்கு நன்றி. பார்த்தேன். நாலு நாளாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் எழுதியது என்ன? மகளைப் பார்க்க லண்டன் போன இடத்தில், விக்டர் ஹ்யூகோவின் பிரெஞ்சு நாவலை வைத்துப் போட்ட 'லே மிசராப்ள்' இசை நாடகம் பார்த்தேன். ஊருக்குத் திரும்பி, 2012இல் வந்த படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். அதே கதையைத் தமிழில் தந்த சுத்தானந்த பாரதியாரின் 'ஏழை படும் பாடு' நாவலை நூலகத்தில் எடுத்து வாசித்தேன். மூன்றும் பிடித்திருந்தது, நாடகத்தில் அழுதுவிட்டேன். அவ்வளவுதான். விமர்சனம் எழுதவில்லை, மதிப்பெண் போடவில்லை, யாரையும் பார்க்கச் சொல்லவில்லை.

அதற்கு நண்பர் போட்ட கமெண்ட்: ஹ்யூகோவைப் பாட்டுக் கச்சேரி ஆக்கிவிட்டார்களாம், பிரெஞ்சுப் புரட்சியின் வலி தெரியாத கூட்டத்துக்கு இது போதுமாம். கடைசியில் ஒரு வரி, "இங்கிலீஷ் புரிந்துதான் அழுதீர்களா?" அதற்கு 47 சிரிப்பு.

முதலில் அந்தப் புரட்சியை முடித்துவிடுகிறேன். கதையில் வருகிற தடுப்பரண் சண்டை 1832 ஜூனில் பாரிஸில் நடந்த கிளர்ச்சி. நீங்கள் நினைக்கிற புரட்சி 1789. நடுவில் நாற்பத்து மூன்று வருஷம், ஒரு நெப்போலியன் முழுசாக வந்துபோயாகிவிட்டது. ஹ்யூகோ நாவலை வெளியிட்டது 1862இல். வலி தெரியாத கூட்டத்துக்கு வருஷமாவது தெரிகிறது.

அடுத்து, பாட்டு. ஒரு மனிதன் பேச வேண்டியதைப் பாடினால் இவர்களுக்கு அப்படி என்ன கூச்சம்? புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் மாரியம்மன் திருவிழாவுக்கு ஸ்பெஷல் நாடகம் போடுவார்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' என்றால் நாரதரும் வள்ளியும் தர்க்கம் பண்ணுவதே பாட்டில்தான், மணிக்கணக்காக. அப்பாயி சாக்கு விரித்து என்னைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்ளும். பபூன் போனதும் தூங்கிவிடுவேன். அரிச்சந்திரன் நாடகம் என்றால் மட்டும் விடியக்காலையில் தொடையில் கிள்ளி எழுப்பிவிடும், மயான காண்டம் வந்துவிட்டது என்று. செத்த பிள்ளையைச் சந்திரமதி தூக்கிக்கொண்டு வர, பெற்ற அப்பனே கால் பணமும் முழத்துண்டும் கேட்டு நிற்பான். ஆர்மோனியக்காரர் கட்டையை அழுத்திப் பிடித்திருப்பார். அப்பாயி முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு அழும். அதற்கு எழுதப் படிக்கத் தெரியாது, அந்தப் பாட்டில் பாதி வார்த்தை புரிந்திருக்காது. "புரிந்துதான் அழுகிறாயா கிழவி" என்று ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை.

பிடித்திருந்தது என்றுதானே சொன்னேன்.

"அப்படியென்றால் விமர்சனமே கூடாதா" என்று கிளம்புவீர்கள், தெரியும். தாராளமாகச் செய்யுங்கள். 1985 அக்டோபரில் லண்டன் பார்பிகன் அரங்கில் இது மேடையேறியபோது அங்கத்திய பத்திரிகைகளும் நார் நாராகக் கிழித்தன. சனங்கள் பாட்டுக்கு டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றார்கள். அரங்கம் மாறி, நடிகர்கள் மாறி, நாற்பது வருஷம் ஆகியும் ஓடுகிறது. ஓடுவதாலேயே நல்ல நாடகம் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் இங்கே என்னென்ன ஓடியது என்று பட்டியலோடு வருவீர்கள். படத்தில் போலீஸ்காரர் ஜாவராக வந்தவர் பாடியது எனக்கும் ஒட்டவில்லை, போதுமா? ஆனால் தலைமுடியை விற்றுவிட்டு ஏழைத் தாய் ஃபான்டீன் பாடுகிற பாட்டு! ஸ்டூடியோவில் பதிவு செய்து வாயசைத்ததில்லை, கேமராவுக்கு முன்னால் நின்று பாடியதையே எடுத்தார்கள். விசும்பலில் சுருதி உடைகிற இடத்தில் என் வீட்டில் குக்கர் விசில் அடித்தது, எழுந்து போக மனசு வரவில்லை. பருப்பு அடிப்பிடித்தது.

"பொதுவெளியில் எழுதினால் கேள்வி வரத்தான் செய்யும்." சரி, வரட்டும். கேள்வி வேறு, குத்தல் வேறு.

ஜாவர் என்றதும் ஒன்று. 1950இல் கே. ராம்நாத் இயக்கி 'ஏழை படும் பாடு' படமாகவும் வந்தது. நாகையா நாயகன். விடாமல் துரத்துகிற போலீஸ்காரர் ஜாவராக நடித்த சீதாராமன் ஆயுசுக்கும் ஜாவர் சீதாராமன் ஆகிப்போனார். பாரிஸ் நாவலில் பிறந்த பெயரை இன்ஷியல் மாதிரி ஒரு தமிழ் நடிகருக்கு முன்னால் ஒட்டிவிட்ட ஊர் இது. கமெண்ட் போட்ட நண்பர் வந்து ஹ்யூகோ நமக்கு எட்டமாட்டார் என்கிறார்.

நாவலையே வாசிக்காதவன் என்று வேறு ஒரு ஜாடை. வாட்டர்லூ சண்டைப் பக்கங்களைத் தாண்டமுடியாமல் நீ மூடி வைத்தது எனக்குத் தெரியும். டீக்கடையில் நீயே சொன்னாய். நான் அதை எங்கேயாவது போட்டேனா? இப்போது போட்டுவிட்டேன். பரவாயில்லை.

உண்மையில் உறுத்துவது அதுவும் இல்லை. இருபது வருஷமாக வாடா போடா என்று பேசுகிறவன், நாலு பேர் பார்க்கிற இடம் என்றதும் "அழுதீர்களா" என்கிறான். சிரிப்பு வாங்குவதற்கு நான் 'நீங்கள்' ஆகவேண்டியிருந்தது.

எங்கே அழுதேன் என்றாவது கேட்டாயா? தடுப்பரணில் அடிபட்டுச் சாகப்போகிற பையன்கள் தூங்குகிறார்கள். கிழவனாகிவிட்ட கதாநாயகன் வால்ஜான், அதில் ஒருவனைப் பார்த்து, இவனை வீடு சேர்த்துவிடு, வேண்டுமானால் என்னை எடுத்துக்கொள் என்று கடவுளிடம் பாடுகிறான். குரல் மேலே மேலே போய் நூலாகிவிடுகிறது. உச்சிமாடத்தில் மலிவு டிக்கெட், அங்கிருந்து அவன் முகம்கூடத் தெரியவில்லை. பக்கத்தில் என் மகள், மடியில் இடைவேளையில் வாங்கிய ஐஸ்கிரீம் கப், மரக் கரண்டியைக் கடித்துக்கொண்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வியாழக்கிழமை விமானம். அதற்கு எவ்வளவு இங்கிலீஷ் வேண்டும்?

மாவட்ட நூலகத்தில் எடுத்து வாசித்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேனே, ஏன் என்று யாரும் கேட்கவில்லை. என்னுடைய 'ஏழை படும் பாடு' உன் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அட்டை கிழிந்து, அப்பா கையெழுத்துப் போட்ட பிரதி. ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன். காபி வேண்டாம்.