காசுக்காகப் போனவர்

திங்கட்கிழமை என் பதிவின் கீழே நடந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் மறுபடி எதையும் விளக்க வேண்டியதில்லை. சர் பட்டம் பெற்ற பழைய ரக்பி வீரர் பில்லி பாஸ்டனைப் பற்றி நான் எழுதிய நான்கு வரிகளுக்குக் கீழே, நான் மதிக்கும் அண்ணன் ஒருவர், "காசுக்காக ஆட்டத்தையே மாற்றிக்கொண்டவருக்கு சர் பட்டம் ஒரு கேடா?" என்று எழுதினார். அதற்கு விருப்பக்குறி இட்டவர்கள் நாற்பத்தோரு பேர். அவர்களில் பாதிப் பேர் என்னைப் போலவே ஊரைவிட்டு வந்து பிழைப்பவர்கள் என்பதுதான் இரண்டு நாளாக என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

ஆமாம், காசுக்காகத்தான் போனார். அதில் என்ன கேவலம் என்பதுதான் என் கேள்வி. அன்று காசு வாங்காமல் ஆடிய ரக்பி யூனியனை விட்டு, காசு கொடுத்த ரக்பி லீக்குக்குப் போனார். அந்த லீக் ஆட்டமே காசு கேட்டதால் பிறந்தது. சனிக்கிழமை ஆடப் போனால் சுரங்கத்திலும் பஞ்சாலையிலும் கூலி போய்விடும், அந்த இழப்பையாவது ஈடுகட்ட விடுங்கள் என்று வட இங்கிலாந்துக் கழகங்கள் கேட்டன. ரக்பியை நிர்வகித்த கனவான்கள் மறுத்தார்கள். 1895 ஆகஸ்டில் ஹடர்ஸ்ஃபீல்டு ஜார்ஜ் ஹோட்டலில் கூடி அந்தக் கழகங்கள் பிரிந்துபோயின. நாளொன்றுக்கு 6 ஷில்லிங், அவ்வளவுதான் அன்றைய பேராசை! அப்பன் சொத்தில் உட்கார்ந்து ஆடியவர்களுக்கு ஆட்டத்தின் தூய்மையைப் பற்றிப் பேச நேரம் நிறைய இருந்தது.

பாஸ்டன் 1934இல் வேல்ஸின் கார்டிஃப் துறைமுகத்தை ஒட்டிய டைகர் பேயில் பிறந்தவர். தந்தை சியரா லியோனிலிருந்து வந்தவர், வீட்டில் பதினொரு பிள்ளைகள். கார்டிஃப் கழகத்துக்கும் வேல்ஸுக்கும் யூனியன் ரக்பி ஆட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. உள்ளூர்க் கழகம் அவரைச் சீந்தவில்லை; அவர் நீத் என்ற வேறோர் ஊரின் யூனியன் அணிக்காக ஆடினார். கட்டாய ராணுவச் சேவையில் இருந்த அவரைத் தேடி 1953இல் வட இங்கிலாந்தின் லீக் கழகமான விகனின் ஆட்கள் வீட்டுக்கே வந்து மேசைமீது பணத்தாள்களைப் பரப்பினார்கள். இவர்களை எப்படியாவது கிளப்பிவிட வேண்டும் என்று அவருடைய அம்மா 3,000 பவுண்டு கேட்டார். சரி என்று சொல்லிவிட்டார்கள். லீக்கில் காசு வாங்கியவர் யூனியனுக்குத் திரும்ப முடியாது என்பது அன்றைய விதி. அந்தக் கையெழுத்தோடு யூனியன் ரக்பியின் கதவு அவருக்கு ஆயுள் முழுவதும் மூடப்பட்டது.

பொறுத்திருந்தால் வேல்ஸ் அணியில் இடம் கிடைத்திருக்குமே என்று ஒருவர் கேட்டிருந்தார். ஐயா, 1980களுக்கு முன் கறுப்பினத்தவர் ஒருவர்கூட வேல்ஸ் யூனியன் அணியின் சட்டையை அணியவில்லை. பதினெட்டு வயதுப் பையன் முப்பது ஆண்டு பொறுத்திருக்க வேண்டுமா?

காசுக்காகப் போனவர் என்ன செய்தார் என்பதையும் கேளுங்கள். விகனுக்காக ஆறே ஆட்டங்கள் ஆடியிருந்த நிலையில் 1954 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்துக்குப் பிரிட்டன் அணியில் எடுத்தார்கள். அந்தப் பயணத்தில், பத்தொன்பது வயதில் 36 ட்ரை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றுவது) போட்டுப் பழைய சாதனையை முறியடித்தார். விகனுக்காக 488 ஆட்டங்களில் 478 ட்ரை. ஆட்ட வாழ்க்கை முழுவதும் சேர்த்து 571, லீக்கில் அவருக்கு முன்னால் இருப்பவர் பிரையன் பெவன் ஒருவர்தான். 1957இல் உலகக் கோப்பை முடிந்து அணி தென்னாப்பிரிக்காவுக்குக் காட்சி ஆட்டங்கள் ஆடப் போனபோது, அங்கே நிறவெறிச் சட்டம் இருந்ததால், இவர் மட்டும் தனியாக வீடு திரும்பினார். கூட ஆடியவர்கள் போனார்கள். அதைப் பற்றி நாற்பத்தோரு பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. காசுதான் கண்ணை உறுத்துகிறது.

விதி தெரிந்துதானே கையெழுத்திட்டார் என்பது அடுத்த வாதம். சரி, விதி தெரியும். அந்தப் புனித விதியை 1995இல் யூனியன்காரர்களே தூக்கிப் போட்டார்கள். நூறு ஆண்டுகள் பாவமாக இருந்த காசு ஒரே நாளில் தொழில்முறை ஆகிவிட்டது. பட்டம் கொடுப்பதே ஏகாதிபத்திய எச்சம் என்று ஒரு தம்பி எழுதியதில் நியாயம் இருக்கிறது, எனக்கும் அரண்மனைமீது பெரிய பக்தி கிடையாது. ஆனால் யூனியன் வீரர்களுக்கு வரிசையாகப் பட்டம் கொடுத்தபோது அந்தத் தம்பிக்கு எச்சம் ஞாபகம் வரவில்லை என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அண்ணனின் பக்கத்தையும் பின்னோக்கிப் புரட்டிப் பார்த்தேன். 2024 ஐபிஎல் ஏலத்தில் ரிஷப் பந்த் 27 கோடிக்குப் போனதற்கு "தகுதிக்கேற்ற விலை" என்று எழுதி மூன்று பட்டாசு போட்டிருக்கிறார். 27 கோடி தகுதி, 3,000 பவுண்டு துரோகம்!

இவ்வளவு கோபம் ஏன் என்று என் மனைவியே கேட்டாள். என் தங்கை கல்யாணத்துக்கு முதல்நாள் மாலைதான் நான் ஊர் போய்ச் சேர்ந்தேன். அதற்கு முன் விடுப்புக் கிடைக்கவில்லை. பந்தியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஒரு சொந்தக்காரர், "பணம் அனுப்பினா ஆச்சா, காசுக்காகப் போனவன்தானே" என்று பக்கத்து இலைக்காரரிடம் சொல்லிவிட்டு இரண்டாவது முறை பாயசம் கேட்டார். அந்த மண்டபம், அந்த இலை, அந்தப் பாயசம் எல்லாம் இங்கே ஒரு கிடங்கில் நான் பார்த்த இரவு வேலையில் வந்தவை. அன்று பதில் சொல்லாமல் சாம்பார் வாளியோடு நகர்ந்துவிட்டேன். திங்கட்கிழமை அண்ணனின் வரியைப் படித்தபோது மறுபடி அந்த வாளிதான் கையில் இருந்தது.

அந்தக் காசு பாஸ்டனைக் கோடீஸ்வரராக்கவும் இல்லை. ஆட்டம் முடிந்தபின் விகனிலேயே கிரிஃபின் என்ற மதுக்கடையை நடத்திப் பிழைத்தார். 2025 ஜூனில், தொண்ணூறு வயதில், மறதிநோயோடு, அரண்மனைக்கு அழைக்கப்பட்டார். லீக் பிறந்து 130 ஆண்டுகளில் அந்த ஆட்டத்தில் சர் பட்டம் பெற்ற முதல் ஆள் அவர்தான். அவரைச் சீந்தாத கார்டிஃபில் 2023இல் அவருக்குச் சிலையும் வைத்தார்கள், அவரைப் போலவே லீக்குக்குப் போன கிளைவ் சல்லிவன், கஸ் ரிஸ்மன் ஆகியோரோடு சேர்த்து. மூவருமே காசுக்காகப் போனவர்கள், அண்ணா.

உங்கள் கருத்தை நான் நீக்கவில்லை. யாரையும் தடைசெய்யவும் இல்லை. நேற்று அம்மாவிடம் பேசும்போது அந்த மேசைக் கதையை மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "மூவாயிரம்தான் கேட்டாளா? பிள்ளைய அவ்வளவு தூரம் அனுப்புறவ அஞ்சாயிரம் கேட்டிருக்கணும்" என்றாள்.