கட்டடம் அப்புறம் ஆகட்டும், முதலில் பதிவேடு

மலேசியத் தமிழர்களுக்கென்று ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்ற பேச்சு ஆண்டுக்கு ஒரு தடவையாவது எழும். மேடையில் அறிவிப்பார்கள், கைதட்டுவோம், நிலம் எங்கே, பணம் யார் தருவது என்று கொஞ்ச நாள் விவாதம் ஓடும், பிறகு அடங்கிப் போகும். அந்த ஆசை எனக்கும் உண்டு. ஆனால் பினாங்கில் ஒரு சிறிய சேகரிப்பில் பொருள்களுக்கு எண் போட்டு, விவரம் எழுதி, தூசி தட்டி அடுக்கும் வேலையில் இருக்கிறவள் என்ற முறையில் ஒன்றை அடித்துச் சொல்கிறேன். நாம் முதலில் கேட்க வேண்டியது பதிவேடு. கட்டடத்தைப் பத்து வருஷம் கழித்துகூட எழுப்பிவிடலாம். ரப்பர்த் தோட்டத்தில் விடியலில் பேர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் நின்று, பால்மரம் வெட்டிய தலைமுறை எழுபதையும் எண்பதையும் தாண்டிவிட்டது. அவர்கள் வாயிலிருந்து இப்போது எழுதி வாங்காத விவரத்தைப் பின்னால் எந்த மானியம் கொடுத்தும் வாங்க முடியாது.

சில வருஷங்களுக்கு முன்னால் ஓர் அமைப்பு தோட்ட வாழ்க்கையைப் பற்றிக் கண்காட்சி வைத்தது. பெயர் இங்கே தேவையில்லை, நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். வீடு வீடாகப் போய்க் கேட்டதும் சனங்கள் மனசார எடுத்துக் கொடுத்தார்கள். ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் உளி, பால் வடியும் பீங்கான் மங்கு, பால் வாளி, மண்ணெண்ணெய் விளக்கு, குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தந்த சிவப்பு அடையாள அட்டை, கப்பலில் கூட வந்த தகரப் பெட்டி. எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, 'தோட்டப் பொருள்கள்' என்று ஒரே ஓர் அட்டையை எழுதி நிறுத்தினார்கள். விழா முடிந்ததும் அத்தனையும் பெட்டிகளில் ஏறி ஓர் அறைக்குள் போனது.

பிறகு ஒரு நாள், கொடுத்தவர்களில் ஓர் அக்கா தன் அப்பாவின் உளியைக் காட்டுவதற்குப் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். அறையைத் திறக்கும்போது நானும் இருந்தேன். பெட்டிக்குள் ஏழெட்டு உளிகள், எல்லாமே துருவேறி ஒரே நிறம். கைப்பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கும் என்றார். மூன்றில் சுற்றியிருந்தது. ஒவ்வொன்றாகக் கையில் பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். "எங்கப்பாது எதுன்னே தெரியலையேம்மா" என்றார். அவருக்குப் பதில் சொல்ல அந்த அறையில் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

வாங்கின அன்றைக்கே ஒரு பக்கம் எழுதியிருந்தால் போதும். யார் கொடுத்தார், அவர் கைக்கு எப்படி வந்தது, எந்தத் தோட்டம், எந்தக் காலம், நீளம் எவ்வளவு, எங்கே விரிசல், எங்கே தேய்மானம். டியூப் எதற்கு? வியர்வையில் கை வழுக்காமல் இருக்கவா, உடைந்த பிடியைக் கட்டவா? காலையில் எத்தனை மணிக்கு மரம் வெட்ட இறங்கினார், மகள் மங்கு துடைக்கக் கூடப் போனாளா, மரத்தில் உறைந்து நிற்கும் ஒட்டுப்பாலை யார் எடுத்தது? கேட்டிருந்தால் அந்த அக்கா எல்லாவற்றையும் சொல்லியிருப்பார். இந்தப் பக்கம் கூட இருந்தால்தான் அந்த உளி ஒரு குடும்பத்தின் சரித்திரம். இல்லாவிட்டால் பழைய சாமான் கடையில் எடைக்குப் போடுகிற இரும்புக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்ல ஆளில்லை.

எண் போடுவதும் பெரிய வித்தை இல்லை. உலகமெங்கும் பரவலாக உள்ள முறை இதுதான்: 2024.7.3 என்றால் 2024-ஆம் ஆண்டு, அந்த ஆண்டில் வந்த ஏழாவது கொடை, அதில் மூன்றாவது பொருள். அதே எண் பொருளிலும் பதிவேட்டிலும் படத்தின் கோப்புப் பெயரிலும் இருக்க வேண்டும். எந்த அலமாரி, எந்தத் தட்டு என்பதும் பதிவேட்டில் இருக்க வேண்டும், இடம் மாறினால் அன்றைக்கே திருத்த வேண்டும். காகிதம் என்றால் பின்பக்க மூலையில் 2பி பென்சிலால் மெல்ல எழுதுவது. துணி என்றால் பருத்தி நாடாவில் எண்ணை எழுதி ஓரத்தில் நாலு தையல். உலோகம், பீங்கான் என்றால் பாராலாய்டு பி-72 என்ற நிறமில்லாத பிசினை அசிட்டோனில் கரைத்து, தெரியாத இடத்தில் சின்னதாக ஒரு பூச்சு. காய்ந்ததும் அதன்மேல் எண், அதற்கு மேல் இன்னொரு பூச்சு. நாளைக்கு வேண்டாம் என்றால் அசிட்டோன் தொட்டுத் துடைத்துவிடலாம், பொருளுக்கு ஒன்றும் ஆகாது. ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். நம் ஊர்ச் சூட்டில் பசை உருகிக் கறை மட்டும் மிஞ்சும், எண் விழுந்துபோகும்.

பெரிய இடங்களே இதில் சறுக்கியிருக்கின்றன. 2023 ஆகஸ்டில் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் திருட்டு நடந்தது வெளியே வந்தது. காணாமல் போனதும் சேதமானதும் சேர்த்து சுமார் 2,000 பொருள்கள். பெரும்பாலும் செதுக்கிய கற்கள், தங்க நகைத் துண்டுகள் போன்ற சின்னச் சின்னப் பொருள்கள். பலவற்றுக்கு முழுப் பதிவு இல்லை, படம் இல்லை. எழுதி வைக்காத பொருள் போனால், அது நம்மிடம் இருந்தது என்று காட்டவே முடியாது. அதற்குப் பிறகுதான் மொத்தச் சேகரிப்பையும் ஐந்தாண்டுக்குள் பதிவேற்றி முடிப்போம் என்று அவர்கள் அறிவித்தார்கள்.

இதற்கு நேர் எதிராக நடந்தது ஸ்ரீபுரந்தான் நடராஜர் விஷயத்தில். அரியலூர் மாவட்டக் கோயிலிலிருந்து திருடுபோன சோழர் காலச் சிலை அது. 2008-ல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கி வைத்திருந்தது. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950களிலிருந்தே தென்னிந்தியக் கோயில்களைப் படமெடுத்துச் சேர்த்து வந்திருக்கிறது. அந்தச் சேகரிப்பில் இதே நடராஜர் சொந்தக் கோயிலில் நிற்கும் படம் இருந்தது. அதை மறுக்க யாராலும் முடியவில்லை. 2014 செப்டம்பரில் சிலை இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. படம் எடுத்தவர் எந்த வழக்கையும் மனதில் வைத்து எடுக்கவில்லை, தன் வேலையை ஒழுங்காகச் செய்து ஊர்ப் பெயரோடு கோப்பில் வைத்தார். அவ்வளவுதான்.

கட்டடம் இருந்தால் எல்லாம் பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம். கோலாலம்பூரில் இப்போது தேசிய அருங்காட்சியகம் நிற்கிற இடத்தில் முன்பு சிலாங்கூர் அருங்காட்சியகம் இருந்தது. 1945-ல் நேச நாட்டு விமானங்கள் போட்ட குண்டில் அது சிதைந்தது. இப்போதைய கட்டடம் திறந்தது 1963 ஆகஸ்ட் 31. கட்டடம் விழும், தீப்பிடிக்கும், வெள்ளம் ஏறும். எது போயிற்று, எது மிஞ்சியது என்று சொல்லப் பதிவேடு வேண்டும், அதன் நகல் வேறோர் இடத்தில் இருக்க வேண்டும்.

இனி எதைப் பார்த்து எழுதுவது? 1997-ல் அமெரிக்காவின் கெட்டி நிறுவனம் வெளியிட்டு, இப்போது சர்வதேச அருங்காட்சியக மன்றத்தின் பொறுப்பில் இருக்கும் 'ஆப்ஜெக்ட் ஐடி' என்ற பட்டியல் ஒன்று உண்டு. படம், அளவு, என்ன பொருளால் ஆனது, எழுத்து, முத்திரை, காலம், செய்தவர் என்று போகும். அதில் எனக்குப் பிடித்தது 'தனி அடையாளங்கள்' என்ற வரி. நசுங்கல், ஒட்டு, பழைய பற்றவைப்பு. ஒரே அச்சில் வந்த நூறு குடங்களில் நம்முடையது எது என்று சொல்வது அந்த நசுங்கல்தான். அதனால் அழகான பக்கத்தை மட்டும் படமெடுக்காதீர்கள், அடியையும் உடைந்த இடத்தையும் எடுங்கள், பக்கத்தில் ஓர் அளவுகோலை வையுங்கள். வாட்சாப்பில் அனுப்பினால் டாக்குமென்டாக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் சுருங்கி நுணுக்கமெல்லாம் போய்விடும்.

எங்களிடம் ஒரு பித்தளைக் குடம் வந்தது. கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது, ஆனால் வருஷக்கணக்கில் புளி போட்டும் பிராஸ்ஸோ போட்டும் தேய்த்ததில் கண்ணுக்குத் தெரியவில்லை. அறை விளக்கை அணைத்து, கைபேசி டார்ச்சைக் குடத்தோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்து மெல்லச் சுற்றினோம். ஒவ்வொரு புள்ளியின் பள்ளத்திலும் நிழல் விழுந்தது. முதலில் 'மு', அப்புறம் 'த்', கடைசியில் 'முத்தம்மாள்' முழுதாக வந்தது. அதற்குக் கீழே தோட்டத்தின் பெயர் பாதிதான் தேறியது, மீதியைத் தேய்ப்பு தின்றுவிட்டது. பளபளப்பாக்க ஒவ்வொரு தடவை தேய்க்கும்போதும் கொஞ்சம் உலோகம் போகிறது. பூசைக்குப் புழங்கும் பாத்திரத்தைத் துலக்கத்தான் வேண்டும், அதில் தவறே இல்லை. சேகரிப்புக்கு வந்த பாத்திரத்தை மென்மையான பிரஷால் தூசி தட்டினால் போதும். உலோகத்தைத் தொடும்போது நைட்ரில் கையுறை போடுங்கள், வியர்வையின் உப்பு அரிக்கும். காகிதத்துக்குக் கழுவி நன்றாகத் துடைத்த வெறுங்கையே நல்லது.

பினாங்குக் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. 65, 70-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றாலே பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். உடனே ஏர்கோன் போடலாம் என்பார்கள். பகலில் குளிரவைத்து, மாலை பூட்டும்போது அணைத்தால் ஆபத்து இன்னும் கூடும். குளிர்ந்த பொருளின் மேல் ஈரக்காற்று படிந்து வியர்க்கும், மரமும் காகிதமும் தினமும் உப்பிச் சுருங்கும். இருபத்து நாலு மணி நேரமும் ஓட்ட முடியாவிட்டால் ஏர்கோனை விட்டுவிடுங்கள். காற்றோட்டம், மின்விசிறி, தரையிலிருந்து உயர்த்திய தட்டு, வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி, இவை போதும். துணியிலோ புத்தகத்திலோ பூச்சி தெரிந்தால் மருந்து அடிக்காதீர்கள். பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரி குளிர்ப்பெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு குளிர் முழுக்க விட்டுப்போகும் வரை பையைப் பிரிக்கக் கூடாது.

ஒன்றைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்: பழைய பத்திரங்களை லேமினேட் செய்யாதீர்கள். தாத்தாவின் சிவப்பு அட்டை, பாட்டியின் பிறப்புப் பத்திரம், கப்பல் டிக்கெட் எல்லாவற்றையும் பாதுகாப்பு என்று நினைத்துக் கடையில் கொடுத்துப் பிளாஸ்டிக்கில் உருக்கி ஒட்டிவிடுகிறோம். ஒட்டினதைப் பிரிக்கும்போது காகிதமும் கூடவே கிழியும். அமிலமில்லாத உறையோ பாலியஸ்டர் உறையோ வாங்கிச் செருகி வையுங்கள். செல்லோடேப்பும் வேண்டாம்.

கோயில்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பினாங்கு நகரத்தார் வெள்ளி ரதம் 1894-ல் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தது என்று நமக்குத் தெரியும், இன்றைக்கும் தைப்பூசத்தில் அது ஓடுகிறது. அதே காலத்து விளக்குகள், மணிகள், உபயதாரர் பெயர் வெட்டிய தட்டுகள், பழைய ரசீதுப் புத்தகங்கள் மற்ற கோயில்களில் எத்தனை இருந்திருக்கும்? பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கும்பாபிஷேகத் திருப்பணி வரும்போது பழசு என்று ஒதுக்கி லாரியில் ஏற்றுகிறோம். திருப்பணிக் குழுவில் வரவு செலவுக்கு ஒருவர் இருக்கிற மாதிரி, கோயில் பொருள்களைப் படமெடுத்துப் பட்டியல் போடவும் ஒருவரை நியமியுங்கள். திருப்பணி தொடங்க சாமியைத் தற்காலிகமாக இடம் மாற்றும் பாலாலயத்துக்கு முன்னாலேயே அந்த வேலை முடிய வேண்டும்.

தமிழ்ப் பள்ளிகளும் அப்படித்தான். 1816-ல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதைக் கணக்கிட்டு 2016-ல் இருநூறு ஆண்டு கொண்டாடினோம். அந்தப் பள்ளி 1821-லிருந்து நூறு வருஷத்துக்கு மேல் ஃபர்குவார் தெருவில் நடந்தது, அங்கே இருந்த பள்ளிக் கட்டடம்தான் பிற்பாடு மாநில அருங்காட்சியகம் ஆனது. உங்கள் பள்ளியின் மிகப் பழைய சேர்க்கைப் பதிவேடு எங்கே இருக்கிறது என்று தலைமையாசிரியரிடம் போய்க் கேளுங்கள். பிள்ளையின் பெயர், தகப்பனின் வேலை, வந்த தோட்டம், விலகிய தேதி என்று நம் சமூகத்தின் நடமாட்டம் முழுக்க அந்த ஏட்டில் இருக்கும். பெரும்பாலும் கடைசி அலமாரியின் அடித்தட்டில், கரையானுக்கு முதலில் எட்டுகிற இடத்தில் இருக்கும். மேல்தட்டுக்கு மாற்றுங்கள், ஒவ்வொரு பக்கமாகப் படமெடுங்கள்.

பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் இருக்கிற ஆலயங்கள், பள்ளிகள், சங்கங்கள் எதுவானாலும் கூப்பிட்டால் நானும் நண்பர்களும் வந்து முதல் நாள் வேலையைக் கூடவே இருந்து செய்து காட்டுகிறோம். காசு வேண்டாம். ஒரு மேசை, நல்ல வெளிச்சம், அந்தப் பொருள்களைப் பற்றிப் பேசத் தெரிந்த ஒரு பெரியவர், எழுதுவதற்கு இளசுகள் இரண்டு பேர் இருந்தால் போதும். உள்பெட்டியில் செய்தி போடுங்கள், சனி ஞாயிறு என்றால் எங்களுக்கு வசதி.