‘ஆக்டோபை’ மட்டும்தான் சரியா?

“‘அஸ்’ என முடியும் ஆங்கிலச் சொற்கள் அனைத்தும் பன்மையில் ‘ஐ’ என்றே முடியும், ஆகவே ‘ஆக்டோபஸஸ்’ என்று எழுதுவது பிழை” என்றொரு செய்தி பினாங்கில் தமிழ்ப்பள்ளிப் பெற்றோரின் புலனக் குழுக்களில் பகிரப்பட்டு வருகிறது. இது தவறு.

அந்த ‘ஐ’ விகுதி இலத்தீன் மொழியின் ஒரு குறிப்பிட்ட பெயர்ச்சொல் வகைக்கே உரியது. கேக்டஸ் ‘கேக்டை’ ஆவது அதனால்தான். ஆக்டோபஸோ ‘எட்டுக் கால்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பதால், மூலமொழியைப் பின்பற்றியே தீருவேன் என்பவர் ‘ஆக்டோபொடெஸ்’ என்றுதான் எழுத வேண்டியிருக்கும். இன்றைய ஆங்கில அகராதிகள் ‘ஆக்டோபஸஸ்’ என்பதையே முதன்மையாகத் தருகின்றன. ‘ஆக்டோபை’ நெடுங்காலமாகப் புழங்குவதால் பலவற்றில் அதுவும் இடம்பெறுகிறது. எனவே மாணவர் அதை எழுதினாலும் கடிந்துகொள்ள வேண்டியதில்லை என்பது என் கருத்து.

வைரஸ் என்பதற்குச் செவ்வியல் இலத்தீனிலேயே பன்மை வடிவம் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் அது ‘வைரஸஸ்’ மட்டுமே.

கொம்தாரில் நாம் ஏறும் பஸ்ஸின் கதை இன்னும் வேடிக்கையானது. ‘எல்லோருக்கும்’ எனப் பொருள்படும் ‘ஆம்னிபஸ்’ என்ற இலத்தீன் சொல்லின் வால்துண்டான அது, பிறப்பிலேயே பன்மை.