யார் சொன்னது என்று சொல்லுங்கள்

கட்சி சார்பே இல்லாத செய்தி வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் அப்படி ஒரு காலம் இருந்ததுமில்லை. முரசொலி யாருடைய ஏடு என்பது ஊரறிந்த விஷயம். தீக்கதிர் வாங்குகிறவருக்கு அது மார்க்சிஸ்ட் கட்சியின் நாளேடு என்று தெரியும். கலைஞர் தொலைக்காட்சியில் ஒரு மாதிரியும் நியூஸ் ஜெ சேனலில் வேறு மாதிரியும் ஒரே நிகழ்ச்சி வரும் என்பது கோத்தகிரி பஸ் நிலையத்து டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கும் தெரியும். கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டுதான் அவர் பார்க்கிறார். சார்பு வெளிப்படையாக இருந்தால் வாசகர் தன்னைத் தானே காத்துக்கொள்வார்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். யார் சொன்னார்கள், எங்கே, என்றைக்கு, எந்த ஆவணத்தில் இருக்கிறது என்ற விவரம் எதுவுமே இல்லாமல் கைப்பேசியில் வந்து விழும் அரசியல் செய்திகளைச் சொல்கிறேன். ஒரு படம், ஒரு தலைவரின் முகம், கீழே நாலு வரி, மூலையில் ஏதோ ஒரு சேனலின் லோகோ. அந்த லோகோகூட உண்மையானதா என்று யாருக்கும் தெரியாது. அதை நம்பித்தான் எங்கள் நீலகிரி மலையில் அண்ணன் தம்பிகள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள்.

இ-பாஸ் விவகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்று உத்தரவிட்டது சென்னை உயர் நீதிமன்றம். 2024 மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2025 மார்ச்சில் அதே நீதிமன்றம் வண்டிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசு பஸ்களுக்கும் உள்ளூர் வண்டிகளுக்கும் விலக்கு. எல்லாம் உத்தரவில் இருக்கிறது, எவரும் படித்துப் பார்க்கலாம். ஆனால் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிய காணொளிகளில் ஒரு தரப்பு, மாநில அரசு மலை மக்களின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டது என்றது. மறுதரப்பு, மலையைக் காக்க அரசே துணிந்து எடுத்த முடிவு என்று கொண்டாடியது. நான் பார்த்த இரண்டிலுமே நீதிமன்றம் என்ற பேச்சே இல்லை. வியாபாரிகள் கடையடைத்தார்கள். அவர்களின் கவலை நியாயமானது, சீசன் போனால் வருடமே போயிற்று. ஆனால் யாரிடம் போய் முறையிட வேண்டும் என்பதிலேயே கடைவீதியில் பலர் குழம்பிக் கிடந்ததை நேரில் பார்த்தேன். மூலத்தை மறைத்த செய்தியின் விலை இதுதான்.

அதைவிட நுட்பமானது பச்சைத் தேயிலை விலை. இங்கே அரசியல் என்றாலே முதலில் அதுதான். சிறு விவசாயி தன் இலையைத் தொழிற்சாலைக்குக் கொடுக்கிறார். தேயிலைத்தூளின் ஏல விலையை வைத்துக் கணக்கிட்ட ஒரு சராசரி விலையைத் தேயிலை வாரியம் மாதந்தோறும் குன்னூரிலிருந்து அறிவிக்கிறது. அதற்குக் குறையாமல் தொழிற்சாலைகள் கொடுக்க வேண்டும். வாதம் செய்ய இடமே இல்லாத ஓர் எண். ஆனால் அதை வைத்து இரண்டு கதை எழுத முடிகிறது. ஒரு பேச்சுக்கு, போன மாதம் 17 ரூபாய், இந்த மாதம் 18, போன வருடம் இதே மாதத்தில் 22 என்று வைத்துக்கொள்வோம். ஆளுங்கட்சிக்கு வேண்டியவர் போன மாதத்தோடு ஒப்பிட்டு விலை ஏறிவிட்டது என்பார். எதிர்க்கட்சிக்கு வேண்டியவர் போன வருடத்தோடு ஒப்பிட்டு விலை சரிந்துவிட்டது என்பார். இரண்டிலும் ஒரு பொய் கிடையாது. எதோடு ஒப்பிட்டோம் என்பதை மட்டும் விழுங்கிவிடுவார்கள்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. தேயிலை வாரியம் மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. கூட்டுறவுத் தொழிற்சாலைகளின் இணையமான இன்கோசர்வ் மாநில அரசின் கீழ் இருக்கிறது. ஆகவே மத்திய ஆளுங்கட்சிக்காரரும் மாநில ஆளுங்கட்சிக்காரரும் அவரவர் பாதியை மறைத்துக்கொண்டு அடுத்தவர் பாதியை மட்டும் காட்ட வசதியாகப் போயிற்று. இலை பறிக்கும் கூலி, உரம், வண்டி வாடகை எல்லாம் போக விவசாயி கையில் என்ன மிஞ்சுகிறது என்று தோட்டத்தில் வந்து கேட்ட காணொளி அபூர்வம்.

2021 டிசம்பர் 8ஆம் தேதியை இங்கே யாரும் மறக்க முடியாது. குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் ராணுவ ஹெலிகாப்டர் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட அதில் இருந்தவர்கள் 14 பேர். அந்தக் குடியிருப்பு மக்கள் வீட்டுக் கம்பளிகளை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அவர்கள் ஓடிக்கொண்டிருந்த அதே வேளையில், வேறொரு நாட்டில் எப்போதோ விழுந்த ஹெலிகாப்டரின் காட்சி குன்னூர் விபத்து என்ற பெயரில் பரவத் தொடங்கிவிட்டது. அடுத்த நாட்களில் சதி என்று அடித்துச் சொன்னவர்கள் எத்தனை பேர்! ஆளாளுக்கு ஒரு எதிரியின் பெயர். ஆதாரம் என்று எதையும் காட்டியவர் இல்லை. 2022 ஜனவரியில் முப்படைகளின் விசாரணைக் குழு, இயந்திரக் கோளாறும் இல்லை, நாசவேலையும் இல்லை, பள்ளத்தாக்கில் வானிலை திடீரென்று மாறி மேகத்துக்குள் நுழைந்ததில் விமானி நிலைதடுமாறியதே காரணம் என்று முதற்கட்ட முடிவைச் சொன்னது. டிசம்பரில் இந்தப் பள்ளத்தாக்கில் மேகம் எப்படி நொடியில் அடைக்கும் என்பது இங்கு வாழ்கிற எல்லோருக்கும் தெரியும். சதி என்றவர்களில் ஒருவராவது திருத்தம் வெளியிட்டு என் கண்ணில் பட்டதில்லை.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, காகிதத்துக்கு. தேர்தலுக்கு ஒரு துண்டுப் பிரசுரம் அடித்தால், அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு சொல்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறைகூட உண்டு. நாளிதழின் ஏதோ ஒரு பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஆசிரியர் பெயரும் அச்சகத்தின் பெயரும் இருக்கிறதே, அந்த வழக்கம் 1867ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருகிறது. நூறு பேர் படிக்கும் நோட்டீஸுக்கு இவ்வளவு கட்டுப்பாடு, லட்சம் பேருக்குப் போகும் படத்துக்கு ஒன்றுமில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அச்சு ஏடுகளைக் கண்காணிக்கும் பிரஸ் கவுன்சிலின் கை இணையத்துக்கு எட்டாது.

அதற்காக எது உண்மை என்று அரசாங்கமே முத்திரை குத்தட்டும் என்று சொல்லமாட்டேன். மத்திய அரசு தன்னைப் பற்றிய செய்திகளைத் தானே சரிபார்க்கக் கொண்டுவந்த விதியை 2024 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, நல்ல வேலை. மாநில அரசும் தகவல் சரிபார்ப்பகம் நடத்துகிறது, அதன் மீதும் எனக்கு இதே தயக்கம்தான். வழக்கில் சம்பந்தப்பட்டவரே நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லக் கூடாது. நான் கேட்பது மிகச் சிறியது. வெளியிடுகிறவர் தன் பெயரைப் போடட்டும். உத்தரவு என்றால் உத்தரவின் நகலையும் தேதியையும் கொடுக்கட்டும். தவறு நேர்ந்தால், தவறு போன அதே இடத்தில் திருத்தமும் போகட்டும்.

பெயர் சொல்ல முடியாதவர்களும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். யானை வழித்தடத்தில் அனுமதியில்லாமல் கட்டடம் எழும்புகிறது என்று சொல்லும் கடைநிலை ஊழியரின் பெயரைப் போட்டால் அவர் வேலை போய்விடும். அப்படிப்பட்டவரைக் காப்பது பத்திரிகையாளரின் கடமை. ஆனால் அங்கே ஏன் பெயரை மறைக்கிறோம் என்று சொல்லிவிட்டு, எழுதியவர் தன் பெயரைப் போட்டுப் பொறுப்பேற்கிறார். “தகவல் வெளியாகியுள்ளது” என்று முடித்துவிட்டு ஒதுங்குகிறவர் எந்தப் பொறுப்பும் ஏற்பதில்லை.

ஊர்ப் பெயரைப் போடுவதில்கூட எத்தனை அலட்சியம்! நீலகிரி மக்களவைத் தொகுதியின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் மூன்றும் நீலகிரி மாவட்டத்துக்கு வெளியே இருக்கின்றன. அவிநாசியில் நடந்த தள்ளுமுள்ளு நீலகிரியில் மோதல் என்று வரும்போது, பந்தலூரில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய் பயப்படுகிறாள்.

இந்த மலையில் செய்தி சேகரிக்கும் பகுதிநேர நிருபர்கள் மழையிலும் மண்சரிவிலும் வண்டியை ஓட்டிக்கொண்டு போய் எடுத்து வருவதை, எங்கோ அறையில் இருப்பவர் எடுத்துத் தலைப்பை மாற்றி ஓட்டுகிறார். நிருபரின் பெயரும் போய்விடுகிறது, அவர் எழுதிய பாதி விவரமும் போய்விடுகிறது. குறைந்தபட்சம் அந்தப் பெயரையாவது விட்டுவையுங்கள்.

எங்கள் ஊர்க் குழுக்களை நடத்துகிறவர்களிடம் பேசிப் பார்த்தேன். வெளியிட்டவர் பெயரும் தேதியும் இல்லாத அரசியல் படம் எதுவானாலும், எந்தக் கட்சியுடையதானாலும், குழுவில் இருந்து நீக்கிவிடுங்கள் என்று கேட்டேன். ஒருவர் உடனே சரி என்றார், நீக்கவும் தொடங்கிவிட்டார். இன்னொருவர், தன் கட்சிக்காரர்கள் மனம் கோணுவார்கள் என்று தயங்குகிறார். அவரிடம் மறுபடியும் பேசப் போகிறேன். உங்கள் ஊரில் உங்களுக்குத் தெரிந்தவரிடம் நீங்களும் பேசுங்கள்.