ஏரி மட்டம் தெரிகிற ஊருக்கு இதுவும் தெரிய வேண்டும்

1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் ராணுவம் குவைத்துக்குள் நுழைந்தபோது என் அப்பா அங்கே ஒரு பட்டறையில் வெல்டர். எனக்குப் பதினோரு வயது. பெரம்பூர் வீட்டில் எங்களுக்கு ஏழு வாரம் ஒரு தகவலும் இல்லை. அம்மா பக்கத்து வீட்டு ரேடியோ முன்னால் போய் உட்கார்ந்துகொள்வார். ‘இந்தியர்கள்’ என்ற சொல் காதில் விழுந்தால் எழுந்து நின்றுவிடுவார்.

அப்பாவின் பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்தது. முதலாளி ஊரைவிட்டே போய்விட்டார். தூதரகம் எழுதிக் கொடுத்த ஒரு காகிதத்தோடு பஸ்ஸில் பாக்தாத், அங்கிருந்து பாலைவனம் தாண்டி ஜோர்டான், அம்மானில் ஏர் இந்தியா விமானம், பம்பாய், அப்புறம் ரயிலில் சென்ட்ரல். அப்படி வந்து இறங்கியவர்கள் சுமார் 1,70,000 பேர். அப்பா கையில் ஒரே ஒரு பை. ஆறு வருஷச் சேமிப்பு அதில் குவைத் தினார் நோட்டுகளாக இருந்தது. மவுண்ட் ரோட்டில் ஏறி இறங்கியும் அதை மாற்றித் தர ஒருவரும் முன்வரவில்லை. அடுத்த வருஷம் நாட்டின் கையிலேயே டாலர் இல்லாமல் போய், ரிசர்வ் வங்கி 47 டன் தங்கத்தை விமானத்தில் வெளிநாட்டுக்கு அனுப்பி அடகு வைத்தது. 1991 ஜூலையில் மூன்றே நாளில் இரண்டு தடவை ரூபாய் மதிப்பைக் குறைத்தார்கள். அதே மாதம் அம்மா தன் தாலிச் செயினைச் சேட்டுக் கடையில் வைத்தார். அந்த இரண்டு அடகுக்கும் பின்னால் அதே குவைத் சண்டை இருந்தது என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது.

2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் பன்னிரண்டு நாள் குண்டு போட்டுக்கொண்டபோது எங்கள் குடியிருப்பில் ஆள் ஆளுக்கு மேட்ச் பார்ப்பது போலப் பார்த்தார்கள். யார் அடித்தார், யார் திருப்பி அடித்தார் என்றுதான் பேச்சு. ‘நம் அடுப்புக்கு என்ன ஆகும்’ என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கு அது மிகவும் வருத்தமாக இருந்தது.

வளைகுடாவில் இருந்து கப்பல்கள் வெளியே வரும் வாசல், ஈரான் கரையை ஒட்டிய ஓர்முஸ் நீரிணை. அதன் குறுகலான இடம் சுமார் 33 கிலோமீட்டர்தான். பீச் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறித் தாம்பரத்தில் இறங்குகிற தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். உலகம் பயன்படுத்தும் எண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்த வழியாகத்தான் வருகிறது. நம் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. சமையல் கேஸிலும் பாதிக்கு மேல் வெளியிலிருந்துதான், அதில் பெரும்பகுதி வளைகுடாவிலிருந்து. சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய் இறங்கி, குழாய் வழியாக மணலி சுத்திகரிப்பு ஆலைக்குப் போகிறது. ஓர்முஸில் கப்பல் நின்றால் இங்கே ஆட்டோ நிற்கும், டிபன் கடை அடுப்பு நிற்கும். நடுவில் வேறு மாயம் எதுவும் இல்லை.

‘சும்மா பயமுறுத்தாதே, இப்போது நம்மிடம் 600 பில்லியன் டாலருக்கு மேல் அந்நியச் செலாவணி இருக்கிறது’ என்று நண்பர் ஒருவர் சொன்னார். உண்மைதான், 1991 அப்படியே திரும்பி வராது. ஆனால் அன்றைக்கு நம்மிடம் காசு இல்லை. இனி வரக்கூடிய கஷ்டம் காசு இருந்தும் சரக்கு வராத கஷ்டம். 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் தொடங்கியதும் சூரியகாந்தி எண்ணெய் விலை எப்படி ஏறியது என்று வீட்டுக் கணக்கு எழுதுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பாமாயிலுக்காவது மாறலாம் என்றால், ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியையே சில வாரம் நிறுத்தியது. 2025 ஏப்ரலில், வாகன மோட்டார்களில் போடுகிற அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு போட்டதும் நாடு முழுக்க வாகன ஆலைகள் பதறின. ஸ்ரீபெரும்புதூரையும் ஒரகடத்தையும் நம்பி எத்தனை குடும்பம் இருக்கிறது! அதே வருஷம் ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. திருப்பூர், ஆம்பூர் பக்கம் சொந்தக்காரர்கள் இருப்பவர்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த ஊருக்கு இதெல்லாம் புதிதும் அல்ல. 1906 அக்டோபரில் இங்கே வங்கி நடத்திய அர்பத்நாட் கம்பெனி கவிழ்ந்தது. லண்டனில் இருந்த கூட்டாளி ஆடிய ஊக வணிகத்தில் போனது, மதராஸில் பணம் போட்டிருந்த ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு. அந்த அடியில் இருந்துதான் அடுத்த வருஷம் இந்தியன் வங்கி பிறந்தது. ஐரோப்பாவில் உலகப் போர் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகாத 1914 செப்டம்பர் 22 ராத்திரி, ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் கடற்கரைக்கு எதிரில் வந்து நின்று சுட்டது. எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. ஜனங்கள் ஊரைக் காலி செய்துகொண்டு ஓடினார்கள். ‘அவன் எம்டன்’ என்று இன்றும் சொல்கிறோம். எங்கேயோ நடக்கும் சண்டை நம் கரைக்கு வந்த கதை அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது.

சரி, என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள்.

2019 ஜூனில் நம் ஏரிகள் வற்றின. ஓட்டல்கள் மதியச் சாப்பாட்டை நிறுத்தின. ஜூலையில் ஜோலார்பேட்டையில் இருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. அதற்கு முன்னால் 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் திறந்து விட்டதைப் பார்த்தோம். இந்த இரண்டு அடிக்குப் பிறகு சென்னைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. செம்பரம்பாக்கத்தின் முழு மட்டம் 24 அடி என்று ஆட்டோக்காரருக்கும் தெரியும், பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். பூண்டி, புழல், சோழவரம் மட்டம் தினமும் பேப்பரில் வருகிறது. மட்டம் இறங்கினால் நாமே கேள்வி கேட்கிறோம், அதிகாரிகளும் பதில் சொல்கிறார்கள்.

அதே போல இவற்றின் மட்டமும் எனக்குத் தெரிய வேண்டும். தமிழ்நாட்டில் இன்றைக்குச் சமையல் கேஸ் எத்தனை நாளுக்கு இருக்கிறது? ரேஷன் பாமாயில் எத்தனை வாரத்துக்கு? குறுவைக்கு யூரியா, டிஏபி உரம் எவ்வளவு இருக்கிறது? அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் எத்தனை மாதத்துக்கு? விசாகப்பட்டினம், மங்களூர், பாடூர் என்று மூன்று இடத்தில் பூமிக்கடியில் கச்சா எண்ணெய் சேமிக்க இடம் இருக்கிறது. மூன்றும் நிரம்பினாலும் நாட்டுக்கு ஒன்பதரை நாள் தேவைக்குத்தான் வரும். எண்ணெய் நிறுவனங்களின் இருப்பு தனி. இதைச் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் நம் உறுப்பினர்கள் மாதம் ஒரு தடவையாவது கேட்க வேண்டும். இருப்பைச் சொன்னால் ஜனங்கள் பீதியடைந்து பதுக்குவார்கள் என்று ஒரு வாதம் வரும். ஏரி மட்டத்தைச் சொன்னதால் யாரும் தண்ணீரைப் பதுக்கவில்லை. மழைநீர்த் தொட்டியைத்தான் சுத்தம் செய்தார்கள்.

இலங்கையில் நடந்ததை நாம் பக்கத்தில் இருந்து பார்த்தோம். 2022 மார்ச்சில் தனுஷ்கோடி மணல் திட்டில் அங்கிருந்து குடும்பங்கள் கைக்குழந்தையோடு வந்து இறங்கின. இலங்கையில் காகிதம் இல்லாமல் பள்ளித் தேர்வு தள்ளிப் போனது. மே மாதம் சென்னைத் துறைமுகத்தில் இருந்து அரிசியும் பால் பவுடரும் மருந்தும் ஏற்றிக்கொண்டு கப்பல் கொழும்புக்குப் போனது. அதற்கு மூன்று வருஷம் முன்னால் வரை அந்தக் குடும்பங்களும் நம்மைப் போலத்தான் கேஸ் புக் பண்ணி, பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பி, சீட்டுக் கட்டிக்கொண்டு இருந்தன.

அப்பாவுக்கு இப்போது 78. ஜூனில் அந்தப் பன்னிரண்டு நாளும் அவர் டிவி பக்கமே வரவில்லை. என் தம்பி மகன் தோஹாவில் ஏசி மெக்கானிக். தினமும் ராத்திரி அவனுக்கு போன் போடச் சொல்வார். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்க மாட்டார்.

‘பாஸ்போர்ட் யார்கிட்டப்பா இருக்கு? உன் கையில இருக்கா?’