பார்க்காமலே சேர்ந்த பள்ளி

ஊரடங்கு காலத்துப் படிப்பைப் பற்றிப் பேச்சு வந்தால், பிள்ளைகளுக்குப் பாடம் போய்விட்டது என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பாடம் போனது உண்மைதான். ஆனால் சரியாக அந்த நேரத்தில் பள்ளி மாறியவர்களுக்கு இன்னொன்றும் சேர்ந்து போனது. அதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை, அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகப் போகும்.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்டைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அடுத்த சில வாரங்களில் 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் பள்ளிகளை மூடினார்கள். ஏறக்குறைய 160 கோடி மாணவர்கள் வீட்டுக்குள். அந்த வருடம்தான் நான் ஒன்பதாம் வகுப்புக்குப் புதுப் பள்ளியில் சேர்ந்தேன். சேர்ந்தேன் என்றால், அப்பா இணையத்தில் ஒரு படிவத்தை நிரப்பினார், சான்றிதழ்களை ஸ்கேன் செய்து அனுப்பினார், பதிலுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அவ்வளவுதான். பள்ளியின் வாசல் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது.

வகுப்பில் மற்றவர்கள் பெரும்பாலும் சின்ன வயதிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். ஊரடங்கு அவர்களையும் வாட்டியது, மறுக்கவில்லை. ஆனால் பழைய நட்பைப் போனுக்குள் தொடர அவர்களால் முடிந்தது. எனக்குத் தொடர எதுவும் இல்லை. வகுப்பு நடக்கும்போதே அவர்களுக்குள் ஒரு வாட்ஸ்அப் குழு ஓடிக்கொண்டிருந்ததை எப்படிக் கண்டுபிடித்தேன் தெரியுமா? சார் முக்கோணத்தின் பரப்பளவை விளக்கிக்கொண்டிருக்கும்போது நான்கைந்து கட்டங்களில் ஒரே நேரத்தில் சிரிப்பு வரும். என்னைச் சேர்க்கக் கூடாது என்று யாரும் முடிவு செய்யவில்லை. என் எண் யாரிடமும் இல்லை. கோபப்படக்கூட ஆள் கிடைக்காத தனிமை அது.

இதற்கு நடுவே பெயர்க் குழப்பம் வேறு. அப்பாவின் போனில் வகுப்புக்குள் நுழைந்ததால் திரையில் அப்பாவின் பெயர்தான் தெரியும். முதல் வாரத்தில் ஒரு மிஸ், "சார், நீங்க பேரன்ட்டா? பையனை உட்கார வெச்சுட்டு நீங்க கொஞ்சம் தள்ளிக்குங்க" என்றார். மொத்த வகுப்பும் சிரித்தது. இன்றைக்கும் என் பள்ளி நண்பர்கள் என்னை 'அங்கிள்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்த வருடம் எனக்குக் கிடைத்த ஒரே அடையாளம் அது, வேண்டாம் என்று சொல்ல மனமில்லை.

யோசித்துப் பார்த்தால், புதிதாக வந்த ஒருவன் வகுப்பில் முதன்முதலில் பேசுவது கிசுகிசுப்பாகத்தான். "எந்தப் பக்கம்?", "ஸ்கேல் இருக்கா?", "இந்த சார் அடிப்பாரா?" இதற்கெல்லாம் தைரியம் தேவையில்லை, பக்கத்தில் ஒருவன் இருந்தால் போதும். ஆன்லைன் வகுப்பில் பக்கம் என்று ஒன்று கிடையாது. மைக்கைத் திறந்தால் எல்லோருக்கும் கேட்கும். பக்க எண் கேட்பதுகூட மேடையேறிப் பேசுவது மாதிரி ஆகிவிடும். அதனால் கேட்கவே மாட்டேன். அப்புறம் கேமராவையும் ஒவ்வொருவராக அணைத்துவிட்டார்கள். என் வகுப்புத் தோழர்களை மாதக்கணக்கில் வட்டத்துக்குள் இருக்கும் ஒற்றை எழுத்தாகவே எனக்குத் தெரியும்.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லென்சன் 2021-ல் காணொளி அழைப்புகள் தரும் சோர்வைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எல்லோருடைய கண்களும் மிக அருகில் தெரிவது, தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டிருப்பது, நகர முடியாமல் உட்கார்ந்திருப்பது, மற்றவர்களின் சைகைகளைப் புரிந்துகொள்ள மூளை கூடுதலாக உழைப்பது என்று நான்கு காரணங்கள் சொல்கிறார். புதியவனுக்கு இதெல்லாம் இன்னும் அதிகம் என்பது என் கணிப்பு. எதிரில் இருப்பவர் யார், எப்படிப்பட்டவர் என்றே தெரியாதபோது சைகையை எங்கே புரிந்துகொள்வது?

சரி, எனக்கு ஒரு போனாவது இருந்தது. இணையம், தொலைக்காட்சி, வானொலி என எந்த வழியிலும் பாடம் போய்ச் சேராத குழந்தைகள் உலகம் முழுக்கக் குறைந்தது 46.3 கோடிப் பேர் என்று 2020 ஆகஸ்டில் யுனிசெஃப் சொன்னது. அவர்களுக்கு முன்னால் என் குறை சின்னது. சின்னது என்பதால் குறையே இல்லை என்று ஆகிவிடாது.

பள்ளி திறந்த பிறகுதான் எனக்கு உண்மையான சிக்கல். பதிவேட்டில் நான் பழைய மாணவன். ஆனால் கழிப்பறை எங்கே என்று தெரியாது. சேர்ந்து அவ்வளவு காலம் கழித்து அதை யாரிடம் போய்க் கேட்பது? பெஞ்சுக்கு ஒருவர், முகத்தில் மாஸ்க், பக்கத்தில் வராதே, பொருள் எதையும் கொடுக்காதே வாங்காதே. அதாவது ஸ்கேல் கடன் வாங்குவது சட்டப்படி குற்றம். ஆசிரியர்கள் நேராகத் தேர்வைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். விடுபட்ட பாடத்தைக் கணக்குப் போட்டு மாலை வகுப்பு வைத்தார்கள். புதிதாக வந்தவர்கள் யார், எழுந்து நில்லுங்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. சாதாரண நாட்களில் அந்தக் கேள்விக்குப் பயந்து நடுங்குவோம். அப்போது அதற்காக ஏங்கினேன்.

ஒரே ஓர் அறிவியல் மிஸ் மட்டும் ஊரடங்கின்போதே வித்தியாசமாக ஒன்று செய்திருந்தார். ப்ராஜெக்டுக்கு இரண்டிரண்டு பேராகப் பிரித்தார், அதுவும் பழைய நண்பர்கள் ஒன்று சேராதபடி. ஒருவரை ஒருவர் போனில் அழைத்துப் பேச வேண்டும், தட்டச்சு செய்து முடித்துவிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். எனக்கு ஜோடியாக வந்தவனிடம் முதல் நாள் பேசியது ஒளிச்சேர்க்கையைப் பற்றி, இரண்டாம் நாள் கிரிக்கெட். அந்த வாட்ஸ்அப் குழுவில் என்னைச் சேர்த்தது அவன்தான். பள்ளி திறந்ததும் அவன் குரலைத் தேடித்தான் வகுப்புக்குள் போனேன். குரலை வைத்து நெடுநெடுவென்று ஓர் ஆளைக் கற்பனை செய்திருந்தேன், வந்தவன் என் தோளுக்குத்தான் இருந்தான்.

அந்த மிஸ்ஸுக்கு ஆன செலவு ஒன்றுமில்லை, வகுப்பைப் பிரிக்க எடுத்துக்கொண்ட கொஞ்ச நேரத்தைத் தவிர. மற்றவர்களுக்கு ஏன் இது தோன்றவில்லை என்பதுதான் என் ஆதங்கம். திடீரென்று திரைக்கு முன் தள்ளப்பட்ட ஆசிரியர்கள் அவர்களே திணறிக்கொண்டிருந்தார்கள், அது எனக்கும் தெரியும். ஆனால் பள்ளி திறந்த பிறகு?

முதல் வகுப்பில் காலெடுத்து வைக்க வேண்டிய 14 கோடிக் குழந்தைகளின் முதல் நாள் கோவிட்டால் தள்ளிப்போனது என்றும், அவர்களில் 80 லட்சம் பேர் ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தார்கள் என்றும் 2021 ஆகஸ்டில் யுனிசெஃப் கணக்கிட்டது. அந்தப் பிள்ளைகள் இப்போது தொடக்கப் பள்ளியை முடித்து அடுத்த பள்ளிக்கு மாறும் வயதுக்கு வந்துவிட்டார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளிகள் முதல் வாரத்திலேயே திறனறித் தேர்வு வைப்பதை விட்டுவிட்டு, கட்டடத்தைச் சுற்றிக் காட்டி, பழைய மாணவர் ஒருவரோடு புதியவர் ஒருவரை ஜோடி சேர்த்து உட்கார வைக்கட்டும். பாடத்தை இரண்டாவது வாரத்தில் ஆரம்பித்துக்கொள்ளலாம்.